அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ப் பெயர்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதினான்காம் நாள், புதன்கிழமை. ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் காலை ஒன்பது மணிக்கே வெப்பம் முப்பத்தேழு பாகையைத் தொட்டிருந்தது. காற்று கடலிலிருந்து வீசியதால் புழுக்கம் தாங்க முடியவில்லை. மலைப்பக்கம் மேகம் திரண்டு நின்றது, மழை பெய்யவில்லை. எண்ணெய்க் கிடங்குகளுக்குக் காவலர்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில், குளிரூட்டிய அறையின் கண்ணாடிச் சன்னல்களில் வெளிப்புறமாக நீர் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே அம்மையப்பன் தம் மேசைமீது கிடந்த விடுப்பு விண்ணப்பம் ஒன்றை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

விண்ணப்பித்தவன் பெயர் பந்துசேன. வயது ஐம்பத்தெட்டு. இலங்கைக் காவல்துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற சிங்களவன். இப்போது மூன்றாம் எண் வாயிலின் காவலாளி. விடுப்புக்கான காரணம், மூத்த மகளின் திருமணம். செப்டம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை, காலை 9.47 மணிக்குச் சுபநேரம் என்பதையும் அவன் மறவாமல் குறித்திருந்தான்.

அந்த நிறுவனத்தில் ஒரு காவலாளி ஊருக்குப் போக வேண்டுமானால், அவன் நிற்கும் வாயிலில் நிற்பதற்கு மாற்றாள் வேண்டும். அம்மாற்றாளை ரிலீவர் என்பார்கள். ரிலீவர் உண்டா, இல்லையா என்று எழுத வேண்டியவர் டூட்டி அட்டவணை தயாரிக்கும் அம்மையப்பன். அவர் உண்டு என்று எழுதினால் அபுதாபியிலுள்ள தலைமை அலுவலகம் பயணச்சீட்டை அனுப்பிவிடும். இல்லை என்று எழுதினால் அதற்குமேல் கேள்வி கிடையாது. வேலையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாமென்றால், விசாவை ரத்துச் செய்து முடிக்கவே ஒரு மாதம் ஆகும்.

அம்மையப்பன் பேனாவைத் திறந்தார், எழுதவில்லை, மூடி வைத்தார். இந்த நாளுக்காக அவர் முப்பத்தோராண்டு காத்திருந்தார் என்று சொன்னால் அது மிகை. இப்படியொரு நாள் வரும் என்று அவர் நம்பியதே இல்லை. வந்துவிட்டது, அதை அரைகுறையாகச் செலவழிக்க அவருக்கு மனமில்லை.

1993ஆம் ஆண்டில் அவருக்கு வயது இருபத்தொன்று. திருகோணமலையிலிருந்து வந்து, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சைக்கிள் திருத்தும் கடையில் வேலை பார்த்தார். பந்துசேன அப்போது அப்பகுதிக் காவல் நிலையத்தில் கான்ஸ்டபிள். வாரத்துக்கு ஒருமுறையாவது சைக்கிளுக்கு ஒட்டுப்போட வருவான். கடை வாசலில் குந்தியிருந்து பிளேன்டீ குடிப்பான். அம்மையப்பனை ‘மல்லி’ என்று, அதாவது தம்பி என்று, அழைப்பான். ஒருநாள் முழுப்பெயரைக் கேட்டான். சொன்னதும் நாக்குப் புரளாமல் விழுந்து விழுந்து சிரித்தான். அரை மணி நேரம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, பிழையில்லாமல் வந்தபிறகுதான் எழுந்து போனான். அம்மையப்பனுக்கு அன்று பெருமை பிடிபடவில்லை. ஒரு பொலிஸ்காரன் தம் பெயரைச் சரியாகச் சொல்கிறானே!

அவ்வாண்டு மே தின ஊர்வலத்தில் நாட்டின் ஜனாதிபதி கொல்லப்பட்டார். சைக்கிளில் வந்த ஒருவன், உடலில் கட்டியிருந்த வெடிகுண்டோடு அவரை நெருங்கிவிட்டான். ஏன் கொன்றார்கள் என்பதற்குப் பெரியவர்கள் பெரிய காரணங்களை எழுதினார்கள்: போர், முறிந்துபோன பேச்சுவார்த்தை, தீராப் பகை. எப்படிக் கொல்ல முடிந்தது என்பதற்குச் சொல்லப்பட்ட காரணமோ மிகச் சிறியது. வந்தவன் ஜனாதிபதியின் வீட்டுப் பணியாளரோடு நெடுநாள் பழகியவனாம். தெரிந்த முகத்தை யார் சோதிப்பார்? அச்சிறிய காரணத்தால் வெட்கிப்போனவர்களுக்குக் குற்றவாளிகள் உடனே தேவைப்பட்டார்கள். கொழும்பில் தமிழ் இளைஞர்கள் பலர் பிடிபட்டார்கள்.

நான்காம் நாள் பந்துசேன கடைக்கு வந்தான். அன்று அவனிடம் சைக்கிள் இல்லை. இரண்டு பேர் உடன் வந்தார்கள். அவன் ஒட்டுப் பெட்டியருகே நின்ற அம்மையப்பனைக் கைநீட்டிக் காட்டினான்.

நிலையத்தில் சிங்களத்தில் தட்டச்சிட்ட ஒரு தாளை நீட்டினார்கள். அம்மையப்பனுக்குச் சிங்களம் பேசத் தெரியும்; படிக்கத் தெரியாது. பந்துசேன தோளில் கைவைத்து, “இந்த இடத்தில் போடு, மல்லி. போட்டால் பொழுதுபடுவதற்குள் வீட்டுக்குப் போகலாம்,” என்றான். தெரிந்த முகமாயிற்றே! அம்மையப்பன் ஒப்பமிட்டார்.

பொழுதுபட நான்காண்டும் மூன்று மாதமும் ஆயின. சிறைக்குள்ளேதான் அவர் சிங்கள எழுத்துகளைக் கற்றார். முதன்முதலில் முழுமையாகப் படித்தது தம் ஒப்புதல் வாக்குமூலத்தைத்தான். கொலையாளிக்குச் சைக்கிளைத் திருத்திக் கொடுத்ததும், அன்று காலை அதன் சில்லுகளுக்குக் காற்றடித்து அனுப்பியதும் தாமே என்று அதில் கண்டிருந்தது. அடியில் சாட்சியாகப் பந்துசேனவின் பெயரும் அவனுடைய பொலிஸ் இலக்கமும் இருந்தன. இரண்டாம் ஆண்டில் தந்தையார் இறந்தார். செய்தி, உடல் எரிந்து பத்தொன்பது நாளுக்குப் பிறகே சிறைக்கு வந்து சேர்ந்தது. தலைமகன் வைக்க வேண்டிய கொள்ளியைச் சிற்றப்பா மகன் வைத்திருந்தான்.

வழக்கே போடாமல் 1997இல் விடுவித்தார்கள். ஆள் வெளியே வந்தார். தாள் வெளியே வரவில்லை. ஊரில் அவருக்குச் ‘சைக்கிள்காரன்’ என்று பெயர் விழுந்தது. சிலர் அவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறி நடந்தார்கள். வேறு சிலர் இருட்டு மூலையில் வைத்துக் கையைப் பிடித்துக் குலுக்கி, “செய்திட்டாய் அண்ணை,” என்றார்கள். செய்யாத கொலைக்கு வந்த பழியைவிட, செய்யாத கொலைக்கு வந்த அந்தப் பாராட்டு அவரை அதிகம் எரித்தது. பின்னாளில் மனைவியான நாகவள்ளியைப் பெண் கேட்டுப் போனபோது முதலில் கதவைச் சாத்தினார்கள். வளைகுடாவுக்கு வந்து சேர்ந்தபின், கனடாவிலிருந்த தங்கை அழைத்தாள். பொலிஸ் நற்சான்று கிடைக்கவில்லை. இன்றும் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவரைத் தனியே உட்கார்த்தி வைக்கிறார்கள். மகள் ராதிகா சிறுமியாக இருந்தபோது, “அப்பா, உங்களுக்கு மட்டும் ஏன் கதிரை போட்டுத் தருகினம்?” என்று கேட்டாள். உலகில் எந்தத் தகப்பனும் அக்கேள்விக்கு விடை தயாரித்து வைத்திருக்க மாட்டான்.

கடந்த ஜூன் மாதத்தில் அபுதாபியிலிருந்து மாற்றலாகி வந்த காவலாளிகளின் கோப்புகளைப் புரட்டியபோது அந்தப் பொலிஸ் இலக்கம் கண்ணில் பட்டது. பழைய பணிச் சான்றிதழில் அதே எண், அதே பெயர். மறுநாள் ஆளே எதிரில் வந்து நின்று சலாம் வைத்தான். அவனுக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. முன்தலை வழுக்கை, மூக்குக் கண்ணாடி, பருத்த உடல். தவிரவும், அலுவலகத்தில் எல்லார்க்கும் அவர் ‘மிஸ்டர் அப்பன்’.

வெயிலில் நிறுத்திக் காய்ச்சலாம் என்று முதலில் தோன்றியது. பிறகு, வெயில் எல்லார்க்கும் பொது. பொதுவான துன்பம் தண்டனை ஆகாது என்று விட்டுவிட்டார். அவனுக்கென்று அளவெடுத்துத் தைத்த ஒன்று வேண்டும். விடுப்பு விண்ணப்பம் தானாக வந்து மேசையில் விழுந்தது.

மூன்று வாரம் அவர் அதில் எதுவும் எழுதவில்லை. பந்துசேன நாள்தோறும் டூட்டி முடிந்து வந்து கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான்.

“சேர், ரிலீவர் யாராவது கிடைத்தார்களா?”

“பார்க்கிறேன்.”

“அழைப்பிதழ் அச்சடித்துவிட்டார்கள், சேர்.”

“நல்லது. எழுத்துப் பிழை இல்லாமல் அச்சடித்தார்களா?”

செப்டம்பர் ஐந்தாம் நாள் மாலை, “என்னோடு வா,” என்று அவனைச் செய்கு அலாவுதீனின் டைப்பிங் சென்டருக்கு அழைத்துப் போனார். அலாவுதீன் காயல்பட்டினத்துக்காரர், விசாப் படிவங்களை அரபியில் தட்டச்சுச் செய்து கொடுப்பவர். பதினெட்டாண்டு நட்பு. அம்மையப்பன் அவரை அவரூர் வழக்கப்படி ‘காக்கா’ என்று, அதாவது அண்ணன் என்று, அழைப்பார். கதை முழுவதும் அவருக்குத் தெரியும்.

“பைட்டோ பாய்,” என்று இந்தியில் உட்காரச் சொல்லிப் பந்துசேனவுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு அலாவுதீன் தமிழில் கேட்டார். “இந்தக் கெழவனா தம்பி? நான் பெரிய மீசையோட ஒருத்தன நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

“மீசை இருந்தது காக்கா. இப்ப இல்லை.”

மூன்று கண்ணாடிக் குவளைகளில் சுலைமானி என்னும் பாலில்லாத் தேநீர் வந்தது. பந்துசேன குடிக்காமல் கேட்டான். “சேர், நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?”

“என் பெயரைச் சொல்,” என்றார் அம்மையப்பன் சிங்களத்தில்.

“மிஸ்டர் அப்பன்.”

“முழுப்பெயர். அரை மணி நேரம் சொல்லிப் பழகினாயே, கொட்டாஞ்சேனையில்.”

அவன் அவருடைய முகத்தைப் பார்த்தான், கைகளைப் பார்த்தான். உதடுகள் முதலில் ஓசையின்றி அசைந்தன. பிறகு ஒவ்வோர் எழுத்தாகப் பிழையில்லாமல் சொன்னான். சொல்லி முடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

“சைக்கிள் கடை மல்லி!”

“உட்கார். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அத்தனை பேர் இருக்க, ஏன் நான்?”

பந்துசேன மறுபடியும் உட்கார்ந்தான். “மாலைக்குள் ஆளுக்கு மூன்று தமிழ்ப் பெயர் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுக்காவிட்டால் எங்களையே சந்தேகிப்பார்கள் என்று பயந்தோம். எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெயர் உன்னுடையது ஒன்றுதான்.”

முப்பத்தோராண்டாக அம்மையப்பன் அதற்கு ஆயிரம் காரணம் கற்பித்திருந்தார். இனவெறுப்பு, பதவியுயர்வு ஆசை, என்றோ சில்லைச் சரியாகக் கோணல் எடுக்காத கோபம். பகையென்றால் அதற்கொரு மதிப்பாவது இருந்திருக்கும். இவனோ பழகிய பாவத்துக்குப் பலி கொடுத்திருக்கிறான்! அடங்கியிருந்த நெருப்பில் யாரோ எண்ணெயை ஊற்றியது போலாயிற்று. ஆனால் குரல் உயரவில்லை.

“அந்தத் தாளில் இருந்தது பொய் என்று உன் கையால் எழுது. யார் தட்டச்சிட்டார்கள், யார் கையெழுத்து வாங்கினார்கள், எல்லாவற்றையும் எழுது.”

“எழுதினால் விடுப்புக் கிடைக்குமா, சேர்?”

“எழுதிக் கையெழுத்துப் போடு. பொழுதுபடுவதற்குள் ரிலீவர் பெயரை எழுதிவிடுகிறேன்.”

பந்துசேன எழுதினான். இரண்டரைப் பக்கம். ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மையப்பன் ஒவ்வொரு வரியையும் படித்து, நாள் தவறாக இருந்த ஓரிடத்தைத் திருத்தச் சொல்லி, கீழே ஒப்பம் வாங்கினார். அலாவுதீன் அதனைப் படியெடுத்து, பழைய தாளை நீக்கக் கேட்டு அம்மையப்பன் அமர்த்தியிருந்த கொழும்பு வழக்கறிஞருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். பந்துசேன வாயிலில் நின்று இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போனான்.

“ஹலாஸ், முடிஞ்சுது,” என்றார் அலாவுதீன். “இனி உங்களுக்கு ஏர்போர்ட்டுல நாற்காலி கெடையாது. ரிலீவர் யாரப் போடுறீங்க?”

“ஒருவரையும் இல்லை.”

அலாவுதீன் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தார். அம்மையப்பனின் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றது. “வாக்குக் குடுத்தீங்களே தம்பி!”

“அவனும் தந்தவன்.”

“போலீஸ்காரன் வேலைய அவனவிட நல்லாச் செய்யுறீங்க.”

“படிப்பிச்சவன் அவன்தானே, காக்கா.”

அன்று மாலை பொழுது சாய்வதற்குள்ளேயே, சொன்ன நேரம் தவறாமல், அம்மையப்பன் விண்ணப்பத்தில் ‘ரிலீவர் இல்லை’ என்று எழுதி அனுப்பினார். மறுநாள் பந்துசேன வந்து அழுதான். காலைப் பிடிக்கக் குனிந்தான். அம்மையப்பன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். “எழுதிய தாளை இனிமேல் திரும்பப் பெற முடியாது, எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்,” என்று மட்டும் சொல்லி, அடுத்த கோப்பை எடுத்தார்.

செப்டம்பர் பன்னிரண்டாம் நாளுக்கான அட்டவணையை அவர் தாமே எழுதினார். மூன்றாம் எண் வாயில், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, பந்துசேன. எண்ணெய்க் கிடங்கு வாயிலுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஆகவே மணமகளைக் கைபேசியில் பார்க்கவும் வழியில்லை. இலங்கையில் 9.47 என்றால் புஜைராவில் 8.17. எட்டே காலுக்கு அம்மையப்பன் காரை வாயிலுக்கு எதிர்ப்புறம் நிறுத்தினார்.

பந்துசேன தடுப்புக் கம்பியருகே விறைப்பாக நின்றான். லாரிகள் வந்தன, எண்களைக் குறித்தான், கம்பியை உயர்த்தினான், தாழ்த்தினான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பார்த்தவன் தொப்பியைக் கழற்றி, கிழக்கே கடலை நோக்கித் திரும்பி, இரண்டு கைகளையும் ஒரு தலைமேல் வைப்பதைப்போல் காற்றில் சற்று நேரம் வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு டேங்கர் ஒலியெழுப்பியது. தொப்பியை அணிந்துகொண்டு மறுபடியும் கம்பியை உயர்த்தப் போனான்.

அம்மையப்பன் முழுவதையும் பார்த்தார். கண்களை எடுக்கவில்லை. தந்தையின் சிதையைத் தாம் பார்க்கவில்லை. தம் பகையின் இந்த நிமிடத்தையாவது முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று வந்தவர் அவர். பார்த்து முடித்தபின் காரை எடுத்துக்கொண்டு நேரே டைப்பிங் சென்டருக்குப் போனார்.

“என்ன தம்பி, மொகம் பெருநாள் பிறை மாதிரி மின்னுது?” என்றார் அலாவுதீன். பகடியாகத் தொடங்கிய குரல் பாதியில் தளர்ந்தது. விசைப்பலகையைத் தள்ளிவைத்தார். “வக்கீல் பதில் போட்டிருக்காரு. தாள் செல்லுமாம், ஒரு வருசம் இழுக்குமாம். அந்த விசயம் நல்ல விசயம். மத்த விசயத்தத்தான் கேக்குறேன். அந்தப் புள்ள உங்களுக்கு என்ன செஞ்சா?”

“ஒன்றும் செய்யேல்லை.”

“அவனுக்கு இன்னும் ஒரு மக இருக்கு. நாளைக்கு அந்தப் புள்ள கல்யாணத்துக்கும் உங்க மேசைக்குத்தான் வருவான். உண்மையச் சொல்லுங்க. அப்பவும் இதையேதான் செய்வீங்களா?”

“செய்வன்.”