எரிகுழம்பு ஏரியின் திங்கட்கிழமைக் குறிப்பு

காலை ஐந்து மணிக்குள் குளித்து, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அணிந்து, ஃப்ரீமாண்ட் வீட்டின் மாடி அறையில் மேசைமுன் அமர்ந்துவிடுவேன். வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு இந்த உடுப்பு எதற்கு என்பது மகளின் கேள்வி. "நோபடி கேன் ஸீ யூ, அப்பா" என்பாள். யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஓர் எரிமலையின் முன் கசங்கிய சட்டையுடன் உட்கார எனக்கு மனம் வந்ததில்லை.

சென்னையில் புவி இயற்பியலில் முதல் வகுப்பில் முதுகலை முடித்தவன் நான். பிழைப்புக்காக முப்பது ஆண்டுகள் இந்த வளைகுடாப் பகுதியில் அளவைக் கருவிகள் செய்யும் நிறுவனமொன்றில் பணியாற்றினேன். ஓய்வு பெற்ற பின்னர்தான், எரிமலைகளைக் கண்காணிக்கும் ஓர் அலுவலகம் பகுதிநேரப் பணிக்கு என்னை அழைத்தது. படித்த படிப்பு அறுபத்து நான்காம் வயதில் என்னைத் தேடி வந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

பணி இதுதான். ஹவாய்த் தீவில் ஓர் எரிமலையின் உச்சியில், வாய்போல் திறந்த பெரும் பள்ளத்தின் அடியில், உருகிய பாறை ஏரியாகத் தேங்கிக் கிடந்தது. பள்ளத்தின் விளிம்பில் ஒரு லேசர் கருவியும், ஒரு சாதாரணக் கேமராவும், சூட்டைப் படமெடுக்கும் ஒரு வெப்பக் கேமராவும் நிறுத்தப்பட்டிருந்தன. லேசர், விளிம்பிலிருந்து ஏரியின் மேற்பரப்பு எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று நொடிக்கு நொடி அளக்கும். ஆனால் கருவிக்கு ஏரியும் புகையும் ஒன்றுதான். நடுவில் புகைப்படலம் எழுந்தால் அதையே ஏரி என்று அளந்து அனுப்பிவிடும். எது ஏரி, எது புகை என்று பிரித்துச் சொல்ல ஒரு மனிதக் கண் தேவைப்பட்டது. அந்தக் கண் என்னுடையது. தானியங்கி எச்சரிக்கை மணி ஒன்றும் இருந்தது. புகைக்கெல்லாம் அது அலறியதால் அதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. என் குறிப்பைத்தான் நம்பினார்கள்.

வேலை நாள்தோறும் நான் அனுப்பும் குறிப்பு நான்கு வரிகளுக்கு மேல் போகாது. தலைப்பில் "ஹவாய் நேரம் காலை ஆறு மணி நிலவரம்" என்று அச்சடித்தே இருக்கும். கீழே ஏரியின் மட்டம், மேற்பரப்பின் தன்மை, பள்ளத்துச் சுவர்களின் நிலை. கடைசியில் என் கையொப்பம். இரண்டரை ஆண்டுகளில் என் குறிப்புகளில் ஒன்றுகூடத் திருத்தப்பட்டதில்லை. இதை நானாகச் சொல்லிக்கொண்டதில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். தமிழ்ச் சங்க விழாக்களில், கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

என் மேலதிகாரி, என்னைவிட இருபது வயது இளைய அமெரிக்கப் பெண்மணி, வாராந்திரக் கூட்டமொன்றில் எல்லோர் முன்னிலையிலும் இப்படிச் சொன்னார்: "திங்கட்கிழமைக் காலையில் நாமெல்லாம் கண்ணைத் திறப்பதற்குள் இவருடைய குறிப்பு வந்து காத்திருக்கிறது. எட்டு மணிக்குக் கேட்டால் ஏழு இருபத்தைந்துக்கே வருகிறது." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தலை தாழ்த்தி ஏற்றுக்கொண்டேன். அந்தக் கைதட்டலுக்கு நான் தகுதியற்றவன் என்பது அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரியும்.

காரணத்தை இங்கே எழுதியாக வேண்டும். ஹவாயில் கோடைக்கென்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை; கலிபோர்னியாவில் உண்டு. ஆகவே ஹவாயின் காலை ஆறு, எங்களுக்குக் கோடையில் ஒன்பது மணி, குளிர்காலத்தில் எட்டு மணி. திங்கட்கிழமை ராகு காலமோ ஏழரை முதல் ஒன்பது வரை. கோடையில் தொல்லை இல்லை. குளிர்காலத்தில் எட்டு மணி அதன் நட்டநடுவில் வந்து விழுந்தது. என் தந்தையார் திங்கட்கிழமை ஏழரைக்கு மேல் ஒரு கடிதத்தைக்கூடத் தபாலில் சேர்த்தவரல்லர். எனக்கும் அப்படியே கை பழகிவிட்டது. ஆகவே குளிர்காலத் திங்கட்கிழமைகளில் ஏழு இருபதுக்கு மட்டத்தைப் பார்த்து, ஏழு இருபத்தைந்துக்கு அனுப்பிவிடுவேன். அச்சடித்த தலைப்பு மட்டும் ஆறு மணி நிலவரம் என்றே இருக்கும். நாற்பது நிமிடத்தில் ஏரி எங்கே ஓடிப்போகும் என்று எண்ணினேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. எங்கள் அலுவலகத்தின் தரவுகளைப் பராமரிப்பவர் ஈரோட்டுக்காரர். நாற்பது வயதுக் குடும்பஸ்தர். அவர் புது வீடு வாங்கியபோது, ராகு காலம் முடியட்டும் என்று விருந்தினர்களை ஒன்றரை மணி நேரம் வாசலில் நிறுத்தி வைத்தார். நாற்பது பேர் நடுவில் நான் உரக்கக் கேட்டேன்: "ராகுவுக்கு அமெரிக்க விசா கொடுத்தது யாரப்பா?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அறிவியல் படித்தவர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அன்று ஒருவர் சொன்னதை வீடு திரும்பும்வரை நினைத்து மகிழ்ந்தேன்.

மூன்றாவது குளிர்காலத்தின் ஒரு திங்கட்கிழமை. வழக்கம்போல் ஏழு இருபத்தைந்துக்குக் குறிப்பு போயிற்று: மட்டம், விளிம்பிலிருந்து இருபத்து நான்கு மீட்டர், மேற்பரப்பு அமைதி, சுவர்கள் உறுதி. கேமராவின் கண்ணாடியில் எரிமலையின் அமிலப் புகை படிந்துவிடும் என்பதால், திங்கட்கிழமைதோறும் இரண்டு பேர் விளிம்புக்குச் சென்று அதைத் துடைத்து வருவது வழக்கம். என் குறிப்பைப் படித்துவிட்டு, ஹவாய் நேரம் ஆறரைக்குப் புறப்படுவார்கள்.

குறிப்பை அனுப்பியதும் நான் நடைப்பயிற்சிக்குப் போய்விடுவேன். அன்று மழை. நாளிதழை விரித்துக்கொண்டு அறையிலேயே இருந்தேன். திரை எரிந்துகொண்டிருந்தது, நான் பார்க்கவில்லை. எட்டு மணி தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும், மனைவி காபியுடன் மாடியேறி வந்தாள். டம்ளரை வைத்தவள் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏங்க, இந்தக் கறுப்பு வளையம் நேத்து இல்லையே?"

"எந்த வளையம்?"

"ஏரிக்கு மேல, சுவத்துல. பால் பொங்கி அடங்கினா பாத்திரத்துல ஒரு கோடு நிக்குமே, அது மாதிரி."

நான் லேசர் அளவைப் பார்த்தேன். இருபத்து நான்கு இல்லை, முப்பத்தொன்று. பிறகு இருபத்தாறு. மறுபடியும் முப்பத்தொன்று. "புகை" என்றேன். "லேசர் புகையில் பட்டுக் குழம்புகிறது."

"புகை கோடு போடுமா?" என்றாள் அவள்.

கையொப்பமிட்டு முக்கால் மணி நேரமே ஆன ஒரு குறிப்பைத் தவறென்று ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நிமிடம் பிடித்தது. அந்த மூன்று நிமிடத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. வெப்பக் கேமராவின் படத்தைப் பெரிதாக்கினேன். ஏரி ஏழு மீட்டர் இறங்கியிருந்தது. அதுவரை எரிகுழம்பு முட்டுக்கொடுத்திருந்த சுவர் இப்போது பிடிமானமின்றி அந்தரத்தில் நின்றது. அப்படி நிற்கும் சுவர் ஏரிக்குள் இடிந்து விழுந்தால், குழம்பு விளிம்புவரை தெறிக்கும் என்பது இந்தத் தொழிலில் முதலில் கற்கும் பாடம்.

விளிம்புக்குப் போகவிருந்த இருவரையும் தொலைபேசியில் அழைத்தேன். நான்காவது மணியில் எடுத்தார்கள். பின்னணியில் வண்டி எஞ்சினின் ஓசை.

"என் குறிப்பை நம்பாதீர்கள்," என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஏழு மீட்டர் இறங்கியிருக்கிறது. போகாதீர்கள்."

"உங்கள் குறிப்பு அமைதி என்கிறதே, சார்?"

"குறிப்பை எழுதியவன்தான் பேசுகிறேன். எஞ்சினை அணையுங்கள்."

எஞ்சின் அணையும் ஓசை கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். அது ராகு காலத்தின் நடுப்பகுதி என்பது, தொலைபேசியை வைத்து, ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

ஒன்பது மணிக்குச் சற்று முன்பு கிழக்குச் சுவரின் ஒரு பாளம் பெயர்ந்து ஏரிக்குள் விழுந்தது. திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு ஒரு கேமரா இருட்டாகிவிட்டது. தெறித்த குழம்பு அதன் கம்பியை எரித்துவிட்டதாகப் பின்னர் சொன்னார்கள். அந்தக் கேமராவின் கண்ணாடியைத்தான் அந்த நேரத்தில் இருவரும் துடைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அன்றே பாராட்டு வந்து குவிந்தது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் எனக்குச் சான்றிதழ் வழங்கப்போவதாக மேலதிகாரி எழுதினார். புதன்கிழமை ஈரோட்டுக்காரர் அழைத்தார்.

"அங்கிள், ஒரு நிமிசம் பேசலாங்களா? ரிப்போர்ட்டுக்காக, உங்க நோட்டெல்லாம் எத்தன மணிக்கு சென்ட் ஆச்சுன்னு ஒரு சார்ட் போடச் சொன்னாங்க."

"போடுங்கள்."

"போட்டாச்சுங்க. அதான் ப்ராப்ளம். சம்மர்ல எல்லா நாளும் ஒன்பது. வின்டர்ல எல்லா நாளும் எட்டு. வின்டர் மண்டே மட்டும் ஏழு இருபத்தஞ்சு. ஒரு மண்டேகூட தப்பலைங்க."

கையிலிருந்த நாளிதழை மடித்து மேசைமேல் வைத்தேன்.

"ஆபீஸ்ல மத்தவங்களுக்கு இது புரியாது. எனக்குப் புரியும். எங்கம்மா மண்டே எது பண்ணாலும் ஏழரைக்குள்ள முடிச்சிருவாங்க." என்றவர் கேட்டார்: "அப்ப ராகுவுக்கு விசா கெடச்சிருச்சுங்களா அங்கிள்?"

இரண்டு ஆண்டுகளாக அந்தக் கேள்வியை அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

"கிடைத்துவிட்டது," என்றேன்.

அவர் சிரித்தார், ஏளனமாக அல்ல. "ஒரே ஒரு டவுட்டுங்க. நோட்டு போறது ஹவாய்க்கு. அங்க அப்ப மணி அஞ்சரைதானுங்களே? எரிமலைக்கு ராகு காலமே இல்லீங்களே. எந்த ஊரு ராகு காலம் பார்த்தீங்க?"

நான் சட்டைக் கையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "விடுங்க அங்கிள். டைம் ஜோன் மாறுனதுல வந்த குழப்பம்னு ஒரு வரி போட்டுர்றேன். எல்லாரும் நம்புவாங்க. உங்க பேரு கெடக் கூடாது."

அவர் அன்பாகத்தான் சொன்னார். நம்பியும் இருப்பார்கள். கடிகார மாற்றத்தில் தடுமாறாதவர் எங்கள் அலுவலகத்தில் யாருமில்லை. சான்றிதழும் கிடைக்கும், பெயரும் நிலைக்கும். ஆனால் திருத்தமே காணாத குறிப்பேடு என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பெருமை, அதற்குப் பின் ஒரு பொய்யின்மேல் நிற்கும். முட்டு விலகிய சுவர் எப்படி நிற்கும் என்பதை இரண்டு நாள் முன்புதான் பார்த்திருந்தேன்.

"அந்த வரியை நான் எழுதுகிறேன்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ராகு காலத்துல தொடங்கக் கூடாதுன்னுதானே சொல்வாங்க? நீங்க அஞ்சு மணிக்கே தொடங்கியாச்சு. முடிக்கறதுக்கு ஏதுங்க ராகு காலம்?" என்றாள். இதை மூன்று குளிர்காலங்களுக்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க எங்கே என்கிட்ட கேட்டீங்க? ஊருக்குத்தான் விசா கதை சொல்லிட்டிருந்தீங்க."

விடுமுறைகள் போக நாற்பத்து மூன்று திங்கட்கிழமைகள். ஒவ்வொன்றையும் எடுத்து, தலைப்பில் உள்ள நேரம் தவறென்றும், உண்மையான நேரம் இதுவென்றும் எழுதிக் கையொப்பமிட்டேன். முகப்புக் கடிதத்தில் காரணத்தை ஒளிக்கவில்லை: என் சமூகத்தார் சிலர் புதிய காரியங்களைத் தவிர்க்கும் ஒன்றரை மணி நேரம் ஒன்று உண்டு, அதை நான் கடைப்பிடித்தேன், அதைக் கடைப்பிடிக்க எனக்கிருந்த உரிமை, நேரத்தைத் தவறாகக் குறிக்கும் உரிமை ஆகாது, எட்டு மணிக்குப் பார்த்திருந்தால் அந்த இறக்கம் குறிப்பிலேயே இடம்பெற்றிருக்கும்.

வியாழக்கிழமை மேலதிகாரி அதைக் கூட்டத்தில் முழுவதும் படித்தார். கை தட்டல் இல்லை. நான் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து அமர்ந்திருந்தேன்.

"இனி ஆறு மணிக் குறிப்பு ஆறு மணிக்கு வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"வரும்."

"தொலைபேசி அழைப்புக்கான சான்றிதழ் அப்படியே இருக்கிறது. அதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?"

"வளையத்தை முதலில் கண்டவர் நானல்லன், என் மனைவி. அது பதிவாக வேண்டும்."

பதிவாயிற்று. சான்றிதழ் இப்போது கூடத்தில் தொங்குகிறது. அதில் அவள் பெயர்தான் மேலே இருக்கிறது. வருபவர்களுக்கு அதைக் காட்டுவேன். குறிப்பேட்டில் திருத்தம் உண்டா என்று கேட்டால், நாற்பத்து மூன்று என்பேன். அந்த எண்ணையும் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை ஏழு இருபத்தைந்துக்கு விரல் தானாகவே விசைக்குப் போயிற்று. கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஏழரை கடந்தது. ஏழே முக்கால் கடந்தது. ஏரியின் மேல் கறுத்த ஆடை விலகி, நடுவில் சிவந்த கோடு ஒன்று ஓடி மறைந்தது. மனைவி காபியுடன் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்தாள். எட்டு மணிக்கு மட்டத்தைப் பார்த்து, சுவரைப் பார்த்து, எழுதி அனுப்பினேன்.

"என்ன ஆச்சு?" என்றாள், கூரை இடிந்து விழவில்லையே என்பதுபோல் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு.

"இருபத்தொன்பது மீட்டர்," என்றேன். "சுவரில் புதிய வளையம் எதுவும் இல்லை. நீயும் ஒருமுறை பார்த்துவிடு."