டீக்கடைத் தரைக்கு அடியில் ஒரு கேபிள்

மேல்மலையனூர் அமாவாசைக்கு முந்தின நாள். செஞ்சியில் சிறப்பு பஸ்கள் நிற்கும் மைதானத்துக் கேமரா காலையிலேயே இருண்டுவிட்டது. அதை மாட்டியது என் கடை. மண்ணுக்கடியில் கேபிள் புதைத்தது என் மனைவியின் தம்பி. கூட்டம் சேர்வதற்குள் படம் வந்தாக வேண்டும்.

கேமராக் கம்பத்தில் பழுது தேடும் மீட்டரை மாட்டினேன். அது கேபிளுக்குள் ஒரு மின்துடிப்பை அனுப்பும். அறுந்த இடத்தில் மோதித் திரும்ப ஆகும் நேரத்தைத் தூரமாக்கிச் சொல்லும். கேபிள் வகைக்கு ஏற்றபடி துடிப்பின் வேகத்தை மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

"இன்னா கேபிள் போட்ட?"

"நுரை கேபிள்தான் மாமா."

அதற்குரிய வேகத்தைக் கொடுத்தேன். அறுபது மீட்டர் என்றது. கேபிள் போன வழியில் டேப் பிடித்தால் டீக்கடையின் நடுவில் போய் முடிந்தது. கடைக்கார அம்மா அமாவாசை வியாபாரத்துக்காகப் புதுச் சிமெண்ட் தரை போட்டிருந்தார். இன்னும் முழுசாகக் காயவில்லை.

"உளிய எடுத்துனு உள்ள வந்தீங்க, கொதிக்கிற பால ஊத்திடுவேன்."

"சின்ன ஓட்டைதான்கா," என்றான் மச்சான்.

"உன் மண்டையில போட்டுக்கோ!"

எனக்கும் உளியைத் தொடக் கை வரவில்லை. திரும்பத் திரும்ப அளந்தேன். அதே அறுபது. கடைசியில் கம்பத்துக்குப் போய்க் கனெக்டரை வெட்டி எறிந்து கேபிளைச் சீவினேன். செம்புக் கம்பியைச் சுற்றியிருந்த வெள்ளையை நகத்தால் அழுத்தினேன். நுரையென்றால் பள்ளம் விழும். விழவில்லை. கெட்டிப் பிளாஸ்டிக்.

"மீந்துபோன பழைய ரோல் மாமா. வெளிய பாத்தா ரெண்டும் கருப்புதான?"

வேகத்தைத் தீர்மானிப்பது வெளிக் கருப்பு அல்ல, உள்ளே இருக்கும் வெள்ளை. காற்றுக் குமிழிகள் நிறைந்த நுரையில் துடிப்பு, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஓடும். கெட்டிப் பிளாஸ்டிக்கில் மூன்றில் இரண்டு பங்குதான். அது மெதுவாகப் போய் வந்ததை மீட்டர் அதிக தூரமென்று எடுத்துக்கொண்டிருந்தது.

வேகத்தை மாற்றினேன். ஐம்பது மீட்டர். டேப் இப்போது கடைக்கு வெளியே, தார்ப்பாய்ப் பந்தலின் கடைசி இரும்பு முளையில் முடிந்தது. பிடுங்கினோம். முனையில் செம்பு மின்னியது.

"இத எப்பக்கா அடிச்ச?"

"காலையிலதான்," என்றவர், முளையை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, "டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

அறுந்ததை இணைத்தேன். படம் வந்தது. தரையில் ஒரு கீறலும் இல்லை. டீயை வாங்கிக்கொண்டு மச்சானிடம் கேட்டேன்.

"அந்த ரோல வேற எங்கெல்லாம் புதைச்ச?"

மச்சான் மலைப்பக்கம் பார்த்தான். "யோசிச்சு சொல்றேன் மாமா."