நான் ப்ளாக் பண்ணின போலீஸ் போன்

எந்த ஊர்ல யாரை எப்ப கைது பண்ணாங்கன்னு கம்ப்யூட்டர்லயே பாத்துக்கலாம்ங்கறது எனக்கு நாப்பத்தாறு வயசுலதான் தெரிஞ்சுது. தெரிஞ்சுக்கிட்ட விதம் இருக்கே, அது என் எதிரிக்குக்கூட வரக் கூடாது.

நான் விருத்தாசலத்துல ஒரு பீங்கான் யூனிட்ல வேல பாக்குறேன். கரைச்ச மண்ண அச்சுல ஊத்தி, இறுகினதும் பொம்மைய வெளிய எடுத்து, ஒட்டு விழுந்த கோட்டைச் சொரண்டி எடுக்குற வேல. வூட்டுக்காரரு சவூதில இருக்காரு. அப்பா அம்மா போய்ச் சேந்துட்டாங்க. கூடப் பொறந்தது ஒரே ஒரு தம்பி. கல்யாணம் பண்ணி, அது நிலைக்காம போயி, தனியா ஒரு ரூமு எடுத்துத் தங்கியிருக்கான். மினி லாரி ஓட்டுறான். கம்மாபுரத்துப் பக்கத்துலேர்ந்து வெள்ளக் களிமண்ணு ஏத்திக்கிட்டு வந்து யூனிட்டுங்கள்ல எறக்குவான்.

முப்பது வயசுலயே சக்கரை வந்து ஊசி போட்டுக்குறவன் அவன். ரூம்ல ஃப்ரிட்ஜு கெடையாது. அதனால மருந்து என் வூட்டு ஃப்ரிட்ஜுல, முட்டை வைக்கிற தட்டுல இருக்கும். காலைல ஒரு ஊசி, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு ஊசி. மழை பேஞ்சாலும் வந்துருவான். வந்தவன் சும்மா போவானா, கொழம்புல உப்பு பத்தலன்னு ஏதாவது ஒரு நொட்டை சொல்லிட்டுத்தான் போவான். "வேற எங்க நல்லா இருக்குதோ அங்க போய்த் தின்னு"ன்னு நானும் வெரட்டுவேன். மறுநாளு அதே நேரத்துக்கு வந்து நிப்பான்.

அந்த மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்சதும் மாதா கோயில் வளாகத்துலயே எல்லாரையும் ஒக்கார வெச்சு ஒரு கூட்டம் போட்டாங்க. போன்ல ஏமாத்துறவங்களப் பத்தி. எங்க பங்குலயே பேங்க் வேலையில இருக்குற ஒருத்தரு பேசினாரு. "போலீஸ்னு சொல்லுவான். உங்க புள்ளையப் புடிச்சு வெச்சிருக்கோம்பான். பயப்படாதீங்க. கட் பண்ணுங்க, ப்ளாக் பண்ணுங்க." அப்பிடின்னு சொல்லி, எப்பிடி ப்ளாக் பண்றதுன்னும் கைல போன வெச்சுக் காட்டினாரு. மொத வரிசைல ஒக்காந்து ஒழுங்காக் கத்துக்கிட்டவ நான். பக்கத்துல தூங்கி வழிஞ்ச பொம்பளைங்களுக்கெல்லாம் நான்தான் திரும்பச் சொல்லிக் குடுத்தேன்.

ரெண்டு வாரம் போயிருக்கும். செவ்வாக்கெழம மத்தியானம் மூணு மணி. கை ரெண்டும் முழங்கை வரைக்கும் மண்ணு. போன் அடிச்சுது. பாத்தா புது நம்பரு. பக்கத்துல வேல செய்யிற பொண்ண எடுத்து ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன்.

"அம்மா, போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறோங்க. உங்க தம்பி எங்ககிட்ட இருக்காரு" என்றார் ஒரு ஆளு.

அவரு சொல்லி முடிக்கல, எனக்கு ஏறிடுச்சு. "வா ராசா, ஒன்னத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எந்த ஸ்டேஷனு, டெல்லியா பம்பாயா?"ன்னேன். யூனிட்ல அத்தன பேரும் வேலைய வுட்டுட்டு என்னையே பாத்தாங்க. அவரு ஏதோ ஸ்டேஷன் பேரு சொன்னாரு. நான் காதுல வாங்கினாத்தானே.

"வெளையாடாதீங்கம்மா. அவருக்கு சக்கரைக்கு ஏதோ மருந்து இருக்குதாம். எடுத்துக்கிட்டு வாங்க."

சக்கரை இல்லாத வூடு இந்த ஊர்ல எது இருக்குது? பத்து பேருக்குச் சொன்னா எட்டு பேருக்குப் பொருந்தும், நல்லாத்தான் யோசிச்சுப் பேசறானுங்கன்னு நெனச்சேன். "புடிச்சியா, வெச்சுக்க. ஜெயில்ல போட்டுக் கஞ்சி ஊத்து. நான் வர மாட்டேன். எனக்குத் தம்பியே கெடையாதுன்னு எழுதிக்க"ன்னேன். அதோட கட் பண்ணச் சொல்லி, கையக் கழுவிட்டு வந்து நானே ப்ளாக்கும் பண்ணினேன்.

அன்னிக்கு யூனிட்ல நான்தான் ராணி. மேஸ்திரி எப்பவும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்குற ஆளு, அவரே சிரிச்சாரு. பஸ்ஸுல தெரிஞ்சவங்க மூணு பேருக்குச் சொன்னேன். வூட்டுக்கு வந்து சவூதிக்கும் போன் போட்டு ஒரு வார்த்த வுடாம சொன்னேன்.

ஏழு மணி ஆச்சு. தம்பி வரல. எட்டாச்சு. போன் போட்டா சுவிட்ச் ஆஃப். லோடு எங்கயாவது மாட்டிக்கிச்சு போலன்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன். காலைலயும் வரல. ஃப்ரிட்ஜத் தொறந்தா மருந்து அங்கயே இருக்குது. ஒரு வேள ஊசி தப்பினாலே அவனுக்குத் தலை கிறுகிறுக்கும், ரெண்டு வேளைன்னா ஆளு தாங்க மாட்டான்.

மினி லாரி ஓனரு வூட்டுக்குப் போனேன். அவரு பொண்டாட்டி கதவ ஒரு முழம் தொறந்து வெச்சுக்கிட்டு, "அவரு ஊருக்குப் போயிருக்காருங்க"ன்னா. ஓனரோட செருப்பு வாசல்லயே கெடக்குது. "லாரி எங்கங்க?"ன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னு சொல்லும்போது அவ என் மூஞ்சியப் பாக்கல. அந்த எடத்துல, அந்தப் படிக்கட்டுல நிக்கும்போதுதான் நேத்து வந்த போனு ஞாபகம் வந்துது.

ப்ளாக்க எடுத்துட்டு அந்த நம்பருக்குப் போட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துது, யாரும் எடுக்கல. டவுன் ஸ்டேஷனுக்கு ஓடினேன். "எங்க லிமிட்ல அப்பிடி கேஸ் இல்லம்மா. லாரி எந்தப் பக்கம் போச்சோ அந்த லிமிட்ல கேளுங்க. இல்லன்னா நெட்டுல எஃப்.ஐ.ஆர் ஏத்தியிருப்பாங்க, பிரவுசிங் சென்டர்ல பாக்கச் சொல்லுங்க"ன்னு அங்க இருந்த போலீஸ்காரம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. இவ்வளவு நல்லாப் பேசற டிபார்ட்மெண்டு ஆளத்தான் நேத்து நாய வெரட்டுற மாதிரி வெரட்டியிருக்கேன்.

பிரவுசிங் சென்டர்ல இருக்குற பொண்ணுக்கிட்ட நான் பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் போயிருக்கேன். விஷயத்தச் சொன்னதும், "பாக்கலாம் அத்த, ஒக்காருங்க"ன்னு சொல்லிட்டு போலீஸ் வெப்சைட்டத் தொறந்தா. என் போனுக்கு ஒரு நம்பரு வந்துது, அதப் போட்டா. கடலூர் மாவட்டம், ஸ்டேஷன் பேரு, தேதி. கோணல்மாணலா இருந்த எழுத்தப் பாத்து அடிச்சா. வரிசையா கேஸு வந்து நின்னுச்சு.

மொத ஸ்டேஷன்ல தம்பி பேரு இல்ல. ரெண்டாவதுலயும் இல்ல. ஆனா எங்க பக்கத்துத் தெரு ஆளு ஒருத்தரு பேரு, அவரு அப்பா பேரோட, பொண்டாட்டிய அடிச்ச கேஸுல இருந்துது. கோயில்ல எனக்கு முன்னால முட்டி போட்டு வேண்டுற மனுஷன். "அத்த, அத வுடுங்க"ன்னு பொண்ணு சட்டுனு பக்கத்த மாத்திட்டா. தம்பியத் தேடுற நேரத்துலயும் என் கண்ணு அங்க போச்சு பாருங்க. எனக்கே அசிங்கமா இருந்துது.

மூணாவது ஸ்டேஷன். "இதுவா பாருங்க"ன்னா.

தம்பி பேரு. எங்க அப்பா பேரு. வயசு. அதுக்குக் கீழ முகவரின்னு என் வூட்டுக் கதவு நம்பரு. அவன் வாடகை குடுத்து இருக்குற ரூம அவன் சொல்லவே இல்ல. வூடு எங்கன்னு கேட்டதுக்கு என் வூட்டச் சொல்லியிருக்கான். நான் அந்த வரியவே திரும்பத் திரும்பப் படிச்சேன்.

பர்மிட் சீட்டு இல்லாம களிமண்ணு ஏத்திக்கிட்டு வந்தான்னு கேஸு. லாரியோட புடிச்சு ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்ததா எழுதியிருந்துது. சீட்டு வாங்க வேண்டியது ஓனரு. மாட்டினது ஓட்டினவன். ஓனரு செருப்ப வாசல்ல போட்டுட்டு வூட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்காரு. நல்லா இருக்குதுய்யா நாயம்.

ஆனா இப்ப ஆளு எங்கன்னு அதுல இல்ல. மறுநாளு காலைல கோர்ட்டு வாசல்ல ஒரு வக்கீலம்மாவப் புடிச்சேன். சின்ன வயசுதான், கெட்டிக்காரி. உள்ள போயி அரை மணி நேரத்துல திரும்பி வந்துட்டாங்க. "செவ்வாக்கெழம சாயங்காலமே ரிமாண்ட் பண்ணிட்டாங்கக்கா. இங்கதான், நம்ம ஊரு சப்ஜெயில்லதான் இருக்காரு. ஜி.ஹெச்சுல காட்டி ஊசி போட்டிருக்காங்க, டாக்டர் சீட்டு இருக்குது. பயப்படாதீங்க."

உசுரு வந்துது எனக்கு. அதே நேரத்துல திக்குனும் இருந்துது. நம்ம ஊரு சப்ஜெயிலு. ரெண்டு நாளா அவனத் தேடிக்கிட்டு அந்தச் செவுத்த ஒட்டியே பஸ்ஸுல போயிருக்கேன், வந்திருக்கேன்.

வக்கீலம்மா கைல ஒரு பேப்பரு இருந்துது. கைது பண்ணும்போது எழுதுறதாம். "இதுல உங்களுக்குத் தகவல் சொன்னதா இருக்குதே. உங்களுக்குள்ள ஏதாவது சண்டையாக்கா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. வாங்கிப் பாத்தேன். தகவல் தெரிவிக்கப்பட்டவர்னு போட்டு என் பேரு, என் நம்பரு. பக்கத்துல, 'அக்கா. போனில் சொல்லப்பட்டது. வர மறுத்துவிட்டார்.' அதுக்குக் கீழ தம்பியோட கையெழுத்து. பேப்பர மடிச்சு அவங்க கைலயே குடுத்துட்டு, "மொதல்ல அவனப் பாக்கணும்"ன்னேன்.

ஜெயில்ல ஆளப் பாக்குறதுக்கு மனு போடணும். வக்கீலம்மாவே எழுதிக் குடுத்தாங்க, அன்னிக்கே பாக்க வுட்டாங்க. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து நின்னான். ரெண்டு நாள்ல தாடி நரைச்சுத் தெரிஞ்சுது. முப்பத்தெட்டு வயசுதான் அவனுக்கு.

"இன்னிக்கு வேலைக்குப் போவலியா?" என்றான். அதான் அவன் கேட்ட மொத வார்த்த.

எனக்கு அழுக வந்துட்டுது. கோயில்ல போட்ட கூட்டம், திருட்டுப் பசங்க போனுன்னு நெனச்சது, ப்ளாக் பண்ணினது, எல்லாத்தையும் கொட்டினேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தான்.

"அங்க ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்கக்கா. நான் பக்கத்துலதான் தரையில ஒக்காந்திருந்தேன். எனக்குத் தம்பியே கெடையாதுன்னு நீ சொன்னப்ப அந்த ஏட்டய்யா என்னத் திரும்பிப் பாத்தாரு. வேற யாராவது நம்பரு இருந்தா குடுய்யான்னாரு. வேற யாரும் இல்லீங்கன்னேன்."

உள்ள இருந்த போலீஸ்காரரு மணியப் பாத்தாரு.

"நான் கத்துனேன்க்கா. யக்கா, நாந்தான், மருந்து எடுத்துக்கிட்டு வான்னு கத்துனேன். ஒனக்குக் கேக்கலையா?"

"இல்லடா" என்றேன். "யூனிட்ல ஒரே மிஷினு சத்தம். ஒண்ணும் கேக்கல."

"அதான பாத்தேன்" என்றான். மூஞ்சி தெளிஞ்சிடுச்சு அவனுக்கு. "கேட்டிருந்தா நீ ஓடி வந்திருப்ப. எனக்குத் தெரியாதா."

அவன் வெளிய வந்து பல மாசம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் சொல்லாதத இங்க எழுதுறேன். எனக்குக் கேட்டுது. அன்னிக்குக் கூட்டத்துல அந்த பேங்க்காரரு இன்னொண்ணும் சொல்லியிருந்தாரு, சொந்தக்காரங்க கொரல்லயே கம்ப்யூட்டர் பேசும், நம்பாதீங்கன்னு. அந்த ஏட்டுக்குப் பின்னாலேர்ந்து "யக்கா"ன்னு தெளிவா வந்துது. அவன் பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் கேட்டுக்கிட்டு இருக்குற கொரலு. "பாத்தியாடி, என் தம்பி கொரல அப்பிடியே வெச்சிருக்கானுங்க"ன்னு பக்கத்துல இருந்த பொண்ணு காதுல சிரிச்சுக்கிட்டே சொல்லி, நான்தான் கட் பண்ணச் சொன்னேன்.