பாலம் ஏறாத கார்

அம்மா ஒரு லாரியை முந்திய கதையை எங்கள் தெருவில் நான் சொல்லாத ஆள் கிடையாது. அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் அம்மா அறிவியல் டீச்சர். என்னையும் அங்கேயே சேர்த்திருந்தாள். தினமும் பஸ்ஸில் யாரோ ஒருவருடைய முழங்கைக்கு அடியில் நின்றபடி போய்க்கொண்டிருந்த எனக்கு, அம்மா கார் ஓட்டப் பழகி, ஒரு பழைய வெள்ளைக் காரையும் வாங்கியதும் தலைகால் புரியவில்லை. முன் சீட் எனக்கு. ஜன்னலும் எனக்கு. வேகம் காட்டும் முள்ளைப் பார்த்து உரக்கச் சொல்லும் உத்தியோகமும் எனக்குத்தான்.

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டரையே நடந்து போகிறவர்களுக்கு வழிவிட்டு ஓட்டுகிறவர் அவர். ஆனால் காரைக் கழுவித் துடைப்பது அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளே கிடக்கும் கால்மிதியைக்கூட எடுத்து உதறி வெயிலில் போடுவார். அம்மா ஓட்டும்போது கூட வந்தால் ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இறங்கும்வரை விடமாட்டார். அதனாலேயே பெரும்பாலும் வரமாட்டார்.

லாரியை முந்திய அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவுக்கு நான் நடித்தே காட்டினேன்.

"அம்மா ஆரன் அடிச்சா பாருங்கப்பா, லாரிக்காரரே ஒதுங்கிட்டாரு!"

சோறு பிசைந்த கையை அப்பா நிறுத்தினார். "எம்புட்டு வேகத்துல?"

"முள்ளு எம்பதைத் தாண்டிருச்சு!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் காருக்கு நோய் வந்தது. முதலில் முள் எழுபதைத் தாண்ட மறுத்தது. நானோ தினமும் வீட்டில் செய்தி வாசிப்பதை விடவில்லை. இன்றைக்கு வேனை முந்தினோம், இன்றைக்கு டிராக்டர்காரர் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார் என்று அளந்துகொண்டே இருந்தேன். சில வாரத்தில் முள் அறுபதோடு நின்றது. அப்புறம் ஐம்பது. கடைசியில் வழியில் இருக்கும் ரயில்வே மேம்பாலத்தில் கார் பாதி ஏறியதுமே முனக ஆரம்பித்தது. எங்களை முந்திப் போன பஸ்ஸின் ஜன்னலில் என் வகுப்புப் பையன்கள் தலையை நீட்டி, "டீச்சர், தள்ளி விடவா?" என்று கத்தினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆரப்பாளையத்துப் பட்டறைக்குக் கொண்டு போனோம். மெக்கானிக் பிளக்கை மாற்றினார், ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிறகு பானெட்டைத் தூக்கிவைத்து, ஆக்ஸிலேட்டர் கம்பியை அங்கேயே கையால் இழுத்தார். என்ஜின் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடை நாய் எழுந்து ஓடியது.

"கேட்டீங்களா டீச்சர்? வண்டியில ஒரு கொறையும் இல்ல" என்றார்.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு ரவுண்டும் ஓட்டிக் காட்டினார். அந்த நெரிசலில் எந்தக் காரும் இருபதுக்கு மேல் போக முடியாது. அதை நம்பி நாங்கள் புறப்பட்டோம். மறுநாள் பாலத்தில் அதே முனகல்.

அப்பா இதற்கென்றே காத்திருந்தவர் போல, "வயசான வண்டி, அம்புட்டுதான். பரவையில ஒருத்தர் கேக்குறாரு, ஞாயித்துக்கிழமை பாக்க வாரேன்னாரு. குடுத்துட்டு பேசாம பஸ்லயே போயிட்டு வாங்க. பத்திரமா இருக்கும்" என்றார். மறுபடியும் அந்த முழங்கைகளா! அம்மா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா வெளியே போனதும் அம்மா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு காரிடம் வந்தாள். என்னை எதிரே நிறுத்தி வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள்.

"என்ஜினுக்கு என்னென்ன வேணும்?"

"பெட்ரோல், காத்து, நெருப்புப் பொறி."

"மூணையும் மெக்கானிக் பாத்துட்டாரு. கையால இழுத்தா நல்லா கத்துது. அப்ப எங்க கோளாறு?"

டீச்சர் மகளாக இருப்பதில் இருக்கும் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது.

"நாம காலால கேக்குறது அது காதுக்குப் போய்ச் சேருதான்னு யாரும் பாக்கலையே!" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் பளிச்சென்று ஆனது.

வண்டியை நியூட்ரலில் போட்டு என்ஜினை ஓடவிட்டாள். நான் டிரைவர் சீட்டிலிருந்து சறுக்கி இறங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் ஆக்ஸிலேட்டரின் மேல் ஏறி நின்றேன். அம்மா பானெட்டுக்குள் குனிந்து காதைக் கொடுத்தாள். என்ஜின் சாதுவாக இரைந்தது.

"நல்லா மிதி!"

"நின்னுக்கிட்டு இருக்கேம்மா!"

அம்மா அங்கிருந்தே கம்பியைக் கையால் இழுத்தாள். என்ஜின் வீடே அதிரக் கத்தியது. விட்டாள், மறுபடியும் சாது. நானே சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிட்டு, அம்மாவிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலைகீழாகப் புகுந்தேன். கால்மிதியைத் தூக்கினேன். ஆக்ஸிலேட்டருக்கு நேர் பின்னால், அது முழுக்க இறங்க முடியாதபடி, ரப்பர் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"கண்டுபிடிச்சிட்டேன்! அம்மா, கண்டுபிடிச்சிட்டேன்!"

மூன்று துண்டுகள். நீல ரப்பர் செருப்பிலிருந்து அறுத்தவை. அடியில் இருந்தது அழுக்கேறியும் மேலே இருந்தது புதிதாகவும் இருந்தன. கட்டுக்கம்பியால் அழகாகச் சேர்த்துக் கட்டியிருந்தது.

எதிர்வீட்டுக் காரில் எலி புகுந்து ஒயரைக் கடித்த செய்தி எனக்குத் தெரியும். "எலிம்மா! எலிதான் இழுத்துட்டு வந்து போட்டிருக்கு!" என்று குதித்தேன்.

அம்மா அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு கொல்லைப்பக்கம் திரும்பினாள். துவைக்கிற கல்லடியில் அப்பாவின் பழைய நீலச் செருப்பு ஒற்றையாகக் கிடந்தது. அதன் ஜோடியையும் அந்த எலிதான் தூக்கிப் போயிருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மாவுக்குக் கோபம் வந்தது போல இருந்தது. சிரிப்பு வந்தது போலவும் இருந்தது. கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது. எலிக்காக யாராவது அழுவார்களா?

சாயங்காலம் அப்பா வாசலில் கால் வைத்ததுமே ஓடிப்போய் எலியின் அட்டூழியத்தைச் சொன்னேன். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார்.

"எலியா?" என்றார், அம்மாவைப் பார்க்காமல்.

"ஆமாங்க, எலிதான்" என்றாள் அம்மா. "ரொம்பப் பயந்த எலி போல. வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்."

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். "அண்ணே, வண்டி குடுக்கலண்ணே. கோவிச்சுக்கிறாதீங்க" என்று அவர் சொன்னது கேட்டது. நான் வீட்டுக்குள் மூன்று சுற்று ஓடினேன்.

மறுநாள் மூன்று பேருமாகப் பாலத்துக்குப் போனோம். அப்பா தானாகவே முன் சீட்டில் ஏறினார். என்னைப் பின்னால் தள்ளியதில் எனக்கு வருத்தம்தான். பாலம் வந்தது. அம்மா மிதித்தாள். கார் முனகவில்லை, தயங்கவில்லை, ஒரே மூச்சில் விறுவிறுவென்று ஏறியது. நான் சீட்டில் நின்று கூவினேன். அப்பா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உச்சியைத் தொட்டதும், "எம்பது! எம்பதும்மா! போ!" என்று கத்தினேன். ஆனால் அம்மா அப்பாவின் கையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காலை எடுத்தாள். முள் தானாக இறங்கி ஐம்பதில் வந்து நின்றது. அங்கேயே இருந்தது. அவ்வளவு பாடுபட்டுக் காரின் வேகத்தை மீட்டுவிட்டு, எதற்காக இந்த ஆமை வேகம்? எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. திருமங்கலம் வருவதற்குள் அப்பா ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து இறங்கும்போது அம்மா என் காதருகே, "இனிமே முள்ளைப் பத்தி வீட்டுல பேசாத" என்றாள்.

"ஏம்மா?"

"எலிக்கு நல்லாக் காது கேக்கும்."

அன்றே காருக்கு அடியில் எலிப்பொறி வைத்தேன். தேங்காய்ச் சில்லை அடுப்பில் வாட்டி, வாசனை வர, பொறியில் மாட்டிக் கொடுத்தது அப்பாதான். பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் குனிந்து பார்த்தேன். எலி சிக்கவே இல்லை. மனம் வெறுத்து அப்பாவிடம் முறையிட்டேன்.

"அது இனிமே வராதும்மா" என்றார் அப்பா.

அத்தனை உறுதியாக அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது என்று எனக்கு ஒரே வியப்பாக இருந்தது.