அண்ணன் வண்டியின் பித்தளைத் தகடு

சென்ற ஆண்டு எங்கள் அண்ணனை அடக்கம் செய்வதற்காக அப்பாவின் கல்லறையைத் திறந்தபோது, குழி வெட்டியவர் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பித்தளைத் தகட்டை எடுத்து என் கையில் தந்தார். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அதைப் பார்த்தீர்கள். நான் சேலைத் தலைப்பால் துடைத்து, அப்பாவின் பெயர் வெட்டியிருந்த பக்கத்தை உங்களுக்குக் காட்டினேன். "உபதேசியாருக்க பெட்டித் தகடு இத்தன வருசம் கழிஞ்சும் கெடாம இருக்கே" என்று வியந்தீர்கள். மறுபக்கத்தை நான் காட்டவில்லை. அண்ணன் பெட்டியோடு அதையும் குழிக்குள்ளேயே வைக்கச் சொல்லிவிட்டேன். அந்த மறுபக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்வதற்காகத்தான், எண்பது கடந்து, கண்ணும் கையும் சொன்னபடி கேட்காத இந்த வயதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அண்ணன் பாறசாலைக்கும் செங்கலுக்கும் இடையில், சபைக்குச் சொந்தமான ஓட்டு வீட்டில் பிறந்தார். அப்பா மிஷன் சபையில் நாற்பது ஆண்டுகள் உபதேசியாராக இருந்தவர். எந்த ஊர் சபைக்கு அனுப்பினாலும் பாயையும் வேதப்புத்தகத்தையும் சுருட்டிக்கொண்டு போவார். நாங்களும் பின்னால் போவோம். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணனுக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஏறாமல் நின்றது என்று சொல்வார்கள். அப்படி இல்லை. வீட்டில் ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்றிருந்தது. அண்ணன் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். பிற்பாடு நான் டீச்சரானது அப்படித்தான்.

மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் மதாம்மா ஒருவர் இருந்தார். அவருடைய காரைக் கழுவப் போன அண்ணன், இரண்டே வருடத்தில் அதை ஓட்டக் கற்றுக்கொண்டார். மதாம்மா சீமைக்குத் திரும்பியபோது வண்டியை அண்ணன் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு வண்டி. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே பிரசவக்காரிகளையும் கலியாணக்காரர்களையும் ஏற்றி ஓட்டி அண்ணன் எங்களைக் காப்பாற்றினார். வண்டியின் மூடியைத் திறந்தால், இஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில், உள்ளங்கையளவு பித்தளைத் தகடு ஒன்று நான்கு திருகாணிகளால் முறுக்கியிருக்கும். வண்டி செய்த கம்பெனியின் பெயர், சேஸிஸ் எண், இஞ்சின் எண் எல்லாம் அதில் பதித்திருக்கும். சனிக்கிழமைதோறும் அண்ணன் அதைப் புளி போட்டுத் தேய்ப்பார். "இது வண்டிக்க ஞானஸ்நானச் சீட்டாக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

எல்லைப் போராட்டம் வந்தது. மலையாளச் சர்க்காரின் கீழ் இருந்த, தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கிளர்ச்சி. எங்கள் பக்கத்துக் கிராமங்களும் அதில் கொதித்துக்கொண்டிருந்தன. அண்ணன் மேடை ஏறுகிறவர் அல்லர். ஆனால் கூட்டத்துக்கு மைக் செட் கட்ட வண்டி கேட்டால் இல்லை என்று சொல்லவும் தெரியாதவர். ஒரு கூட்டத்தில் தடியடி நடந்தது. மண்டை உடைந்த இரண்டு பேரை அண்ணன் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாளிலிருந்து போலீஸ் ஒரு கறுப்பு வண்டியைத் தேட ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் அண்ணன் வண்டியைக் கொல்லைப்புறம் பலாமரத்தடியில் கொண்டு நிறுத்தினார். முன்னும் பின்னும் இருந்த நம்பர் பலகைகளைக் கழற்றி இருக்கைக்கு அடியில் போட்டார். பிறகு மூடியைத் திறந்து பித்தளைத் தகட்டின் திருகாணிகளையும் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"மக்கா, இத ஒளிச்சு வை. ஆரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. ஒரு மாசம் கழிஞ்சு நானே கேட்டு வாங்குவேன்."

எனக்கு அப்போது பதினெட்டு வயது. தகட்டை என் துணிப் பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு நாள் கழித்து, வண்டியை வேறிடத்தில் மறைக்கக் கொண்டுபோன வழியில், அமரவிளையில் வைத்து அண்ணனையும் வண்டியையும் பிடித்துவிட்டார்கள். ஆர்.சி. புத்தகம் இருக்கட்டும், நம்பர் பலகையை எந்த வண்டியிலிருந்தும் கழற்றிக் கொண்டுவரலாம், உள்ளே இருக்க வேண்டிய தகடு எங்கே, தகடு இல்லாத வண்டி திருட்டு வண்டிதானே என்று கேட்டார்கள். தன் சொந்த வண்டியைத் திருடியவர் என்று எங்கள் அண்ணனைச் சிறையில் வைத்தார்கள். என்னையும் இழுத்துவிடக் கூடாது என்று அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

ஏற்கெனவே இழுப்பு நோயில் கிடந்த அப்பா, எட்டாம் நாள் காலையில் கண்ணை மூடினார். சாவுக்குக்கூட அண்ணனை விடவில்லை. ஊரெங்கும் கடையடைப்பு. பெட்டி செய்யப் பலகை எப்படியோ கிடைத்தது. ஆனால் எங்கள் சபை வழக்கப்படி பெட்டியின் மேல் அடிக்கிற பெயர்த்தகட்டுக்கு ஒரு துண்டுத் தகரம்கூட இல்லை. அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"ஊரிலுள்ள எல்லாருக்கும் பேரு வச்ச மனுசனாக்கும். அவரப் பேரில்லாம குழியில எறக்கப்பிடாது" என்றாள்.

நான் என் துணிப் பெட்டியைத் திறந்தேன். யாரையும் கேட்கவில்லை. தகட்டை முந்தானைக்குள் மறைத்து, பாத்திரங்களில் பெயர் வெட்டுகிற ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளே, ஒரு பக்கம் எழுத்து உண்டே?"

"அது பலகையோட ஒட்டிப் போற பக்கமாக்கும். வெறும் பக்கத்துல வெட்டித் தாரும்."

அவர் உளியை எடுத்தார். அப்பாவின் பெயரையும் ஒரு வேத வசனத்தையும் வெட்டித் தந்தார். அந்த நான்கு துளைகளில் நான்கு ஆணிகள் அடித்து அப்பாவை இறக்கினோம். புதுத் தகடு என்று அம்மா தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டாள். நானும் பெரிய காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அண்ணன் ஜாமீனில் வந்தார். முதலில் அப்பாவின் கல்லறைக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"தகட்ட எடு மக்கா. கோர்ட்டுல காட்டினா கேஸும் தள்ளுபடியாகும், வண்டியும் கிட்டும்னு வக்கீலு சொல்லியாரு."

நான் சொன்னேன். ஒரு அடியாவது அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு காலம் கனத்திருக்காது. அண்ணன் வாளியில் இருந்த தண்ணீரை எடுத்து முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணே."

"தெரியப்பிடாது. கோர்ட்டுல உண்மையச் சொன்னா, அப்பாவத் தோண்டி எடுன்னு சொல்லுவாவ. நான் பாத்துக்கிடுதேன். நீ வாயத் தொறக்காத."

மறு வாய்தாவில் அண்ணன் கூண்டில் ஏறி, பயத்தில் தகட்டை நெய்யாற்றில் எறிந்துவிட்டேன் என்று சொன்னார். மலையாளத்தில் எழுதிய அந்த வாக்குமூலத்தின் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வண்டியை விடவில்லை. தடயத்தை அழித்தார் என்று வழக்கு இன்னும் இறுகியது.

அதன் பிறகு ஊர் அவரை எப்படிப் பேசியது என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் மண்டை உடைபட்டு நின்றபோது, போலீஸ் தொப்பியைக் கண்டதும் ஆற்றில் எறிந்துவிட்டு ஓடியவன் என்றார்கள். போராட்டத்துக்காரர்கள் கூட்டத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பேசி முடித்த சம்பந்தம் ஒன்று கலைந்தது. "பயந்தாங்கொள்ளிக்குப் பிள்ளையக் கொடுக்க மாட்டோம்" என்று சொல்லியனுப்பினார்கள். அண்ணன் சவுக்கத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்தவர் லாரிக்குக் கிளீனராகப் போனார். நான் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எல்லையும் பிரித்தார்கள். கோடு எங்களுக்குத் தெற்கே களியக்காவிளைப் பக்கம் விழுந்தது. உறவுக்காரர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனார்கள். நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். கேட்டது கிடைக்காத களைப்பில் யாருக்கும் யாரோடும் சண்டை போடத் தெம்பு இல்லை. போராட்ட வழக்குகளோடு சேர்த்து அண்ணன் வழக்கையும் கைவிட்டார்கள். வண்டியைப் பெறுவதற்கு மட்டும் மேலும் ஒரு வருடம் அலைந்தார். இங்கே கேட்டால் ஃபைல் நாகர்கோவிலுக்குப் போய்விட்டது என்பார்கள். அங்கே போனால் வண்டி உங்கள் ஊரில்தானே நிற்கிறது என்பார்கள். நினைத்தாலே இப்போதும் எனக்குக் கால் வலிக்கிறது.

ஸ்டேஷன் வளாகத்தில் வண்டி சக்கரம் மண்ணில் புதைந்து, காட்டுக்கொடி ஏறி நின்றது. மோட்டார் இன்ஸ்பெக்டர் ஒருவர் நல்ல மனிதர். "தகிடு போயாலும் சாசியில் நம்பர் அடிச்சிட்டுண்டாகும், நோக்கெடோ" என்று அவர்தான் மலையாளத்தில் வழி சொன்னார். வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டத்திலும் அதே எண்ணை இரும்பில் அடித்திருப்பார்கள் என்பதை அதுவரை எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அண்ணன் மூன்று நாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, சாக்குக்கட்டியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். நான் சோறு கொண்டுபோனபோது அவர் கண்ணெல்லாம் துரு. மூன்றாம் நாள் வலப்பக்கச் சட்டத்தில் எண்கள் வெள்ளையாகத் தெளிந்து வந்தன. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஒத்தன. இன்ஸ்பெக்டர் மாற்றுத் தகட்டுக்கு உத்தரவு எழுதினார். அதிலும் "உடமஸ்தன் நஷ்டப்படுத்தியதினால்", அதாவது சொந்தக்காரரே தொலைத்ததால், என்று காரணம் எழுத வேண்டியிருந்தது. அண்ணன் மறுபடியும் கையெழுத்துப் போட்டார். தகரத் துண்டு ஒன்றில் எண்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்துப் பதித்து, பழைய இடத்தில் அவரே முறுக்கினார். எண்கள் கோணல்மாணலாக இருந்தன. அதை யாரும் புளி போட்டுத் தேய்க்கவில்லை.

அப்போதே நான் கேட்டேன்: "கேஸ்தான் போச்சே அண்ணே, இனிச் சொல்லிரலாமே?"

"அம்மை கேட்டா தாங்க மாட்டா. வண்டித் தகட்ட அடிச்சு அவரப் பொதச்சோம்னு கேட்டா அவளுக்கு உறக்கம் வராது. கெடக்கட்டு விடு."

அம்மா இருந்தவரை அது சரிதான். அம்மா போய் ஐம்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு சொல்லாததற்கு அண்ணன் காரணம் இல்லை. எனக்கு வேலை இருந்தது, கலியாணம் ஆனது, சபையில் பெண்கள் ஐக்கியத்தில் நல்ல பெயர் இருந்தது. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு கலியாணப் பந்தலிலும் யாராவது ஒருவர், "ஆத்துல எறிஞ்ச கதையச் சொல்லும்" என்று அண்ணனைச் சீண்டுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சொல்வார். எறிந்தபோது தண்ணீர் எப்படித் தெறித்தது என்றுகூடச் சொல்வார். நான் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பேன்.

அண்ணன் பிற்பாடு தாமதமாகத்தான் கலியாணம் செய்தார். அண்ணி பொறுமைசாலி, அவர்களுக்கு ஒரே மகள். இருபது வருடத்துக்குமேல் வண்டி ஓட்டி அவளைப் படிக்கவைத்தார். முதுகு ஒத்துழைக்காதபோது, பழைய வண்டிகளைப் பேணி வைத்திருக்கும் திருவனந்தபுரத்துக்காரர் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, மரச்சீனிக் கிழங்கு நட்டு வாழ்ந்தார். யாருக்கும் கெடுதல் நினைத்தவர் அல்லர். ஆஸ்பத்திரிக்கு என்று அழைத்தால் நேரம் பார்க்காமல் போவார்.

கடைசி நாட்களில், அண்ணன் படுக்கையில் இருந்தபோது அந்தத் திருவனந்தபுரத்துக்காரர் பார்க்க வந்தார். வண்டியில் எல்லாம் பழையபடி சரியாக்கிவிட்டாராம், அந்தத் தகரத் துண்டு ஒன்றுதான் உறுத்துகிறதாம். அசல் தகடு எங்கேயாவது இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டார். நான் அருகில் கஞ்சிக் கிண்ணத்தோடு இருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்வேனா என்று பார்த்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது ஆத்துல போச்சு சாரே" என்றார் அண்ணன். ஒன்பது நாள் கழித்து அண்ணன் போய்விட்டார்.

அடக்கத்தன்று தகடு என் கைக்கே திரும்பி வந்தது. ஒரு பக்கம் அப்பாவின் பெயர். மறுபக்கம் கம்பெனியின் பெயரும் எண்களும், பச்சை பிடித்திருந்தாலும் நன்றாகவே தெரிந்தன. சுற்றி நீங்கள் அத்தனை பேரும் நின்றீர்கள். அந்தத் திருவனந்தபுரத்துக்காரரும் நின்றார். கையைத் திருப்பிக் காட்டினால் போதும். நான் திருப்பவில்லை. பெட்டியோடு வைத்துவிடுங்கள் என்றேன். அப்பா மேல் கிடந்தது அங்கேயே கிடக்கட்டும் என்று நினைத்துத்தான் வைத்ததாக ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு பார்த்தேன். உறக்கம் வரவில்லை. பயத்தில்தான் வைத்தேன்.

சென்ற மாதம் அண்ணன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவள், "அத்தே, அப்பாவப் பயந்தாங்கொள்ளின்னு நானும் சின்ன வயசுல சொல்லியிருக்கேன்" என்று சொல்லி அழுதாள். இதை மலரில் எழுதுங்கள் என்று சொன்னதும் அவள்தான். அந்தத் திருவனந்தபுரத்துக்காரருக்கும் போன் செய்து சொல்லிவிட்டோம். கல்லறையைத் திறந்து தர முடியாது என்றேன். வேண்டாம் அம்மச்சி, அவர் அடித்த தகரத்தையே வைத்துக்கொள்கிறேன் என்றார்.

அண்ணனை மருத்துவமனையில் கவனித்துக்கொண்ட செவிலியர் பிள்ளைகளுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த வாலிபர்களுக்கும், ஜெபம் செய்த போதகர் ஐயாவுக்கும், தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து மழையில் வந்து நின்ற உறவினர்களுக்கும், கிடைத்த தகட்டை மண்வெட்டியால் கீறிவிடாமல் எடுத்துத் தந்த குழிவெட்டியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனைச் சீண்டிச் சிரித்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் அறிந்ததைச் சொன்னீர்கள். அவர் ஆற்றில் எதையும் எறியவில்லை. ஆகவே எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். இனி எந்தப் பந்தலிலாவது அந்தக் கதையை எடுத்தால், அண்ணன் பெயரை விட்டுவிட்டு என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.