பத்தாவது படியில் தங்கை வீடு

எங்கள் கூரியர் ஆபீசில் முகவரி சரியில்லாத பார்சல்களெல்லாம், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவளின் மேசைக்குத்தான் வரும். பாதி அழிந்த எழுத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நாலு பேருக்குப் போன் போட்டு வீட்டைக் கண்டுபிடித்துவிடுவாள். அதனால்தான் மேனேஜர் அவளை அந்த இணைய வகுப்பில் சேர்த்துவிட்டார். படம், வரைபடம், செய்தி என்று எல்லோருக்கும் பொதுவில் கிடைப்பதை வைத்தே ஆளையும் இடத்தையும் கண்டுபிடிக்கும் வித்தை. நாசமாய்ப் போன வித்தை.

அக்காவுக்கு ஒரு தங்கை. அடித்து நொறுக்கிய புருஷனிடமிருந்து குழந்தையோடு தப்பி ஓடி இரண்டு வருஷம். மாதம் ஒருமுறை போன் செய்வாள். இருக்கும் இடத்தை மட்டும் அக்காவிடம்கூடச் சொல்ல மாட்டாள். ஒருமுறை, பால்கனியில் குழந்தை நிற்கும் படத்தை அனுப்பினாள். அது சொந்தக்காரர்களின் போன்களையெல்லாம் சுற்றி வந்தது.

வகுப்பின் கடைசி வீட்டுப்பாடம், ஏதாவது ஒரு படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிப்பது. அக்கா பால்கனிப் படத்தை எடுத்துக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த பஸ் நம்பர், பின்னால் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி, நிழல் விழுந்த பக்கம். ஒன்பது நாள் வரைபடத்தில் தெருத் தெருவாக அலைந்தாள்.

"கெடச்சுட்டாடி!" என்று மேசையைத் தட்டினாள். பார்க்கச் சகிக்காத சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை போய் நிற்கப் போகிறாளாம்.

தேடிய வழியை, இன்னொருவரும் அதே இடத்துக்கு வந்து சேரும்படி எழுத வேண்டும் என்பது வகுப்பின் விதி. பத்துப் படிகளாகப் படத்தோடு எழுதிக் கொடுத்தாள். தங்கை பெயரைப் போடவில்லை. அந்த அளவுக்கு ஜாக்கிரதை. ஆசிரியர் முதல் பரிசு என்று சொல்லி, அதை வகுப்பின் இணையப் பக்கத்தில் அக்கா பெயரோடு போட்டார். நாங்கள் கேக் வெட்டினோம். ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை, என் மண்டையிலும்தான்.

அந்தப் புருஷன் செய்தது ஒரே வேலை. சொந்தக்காரர்கள் வழியாக அவனுக்கும் வந்திருந்த அந்தப் பால்கனிப் படத்தை இணையத்தில் போட்டுத் தேடினான். அக்காவின் வீட்டுப்பாடம் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா குழந்தைக்குக் கவுன் வாங்கிக்கொண்டு போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. "முந்தாநேத்து ஒரு ஆளு வந்து கதவ ஒடச்சாம்மா. நாங்க கத்தவும் ஓடிட்டான். அன்னிக்கே அந்தப் பொண்ணு கொழந்தையத் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மறுநாள் தங்கை போன் செய்தாள்.

"நீ எழுதுனதப் போன்ல காட்டிக் காட்டிச் சிரிச்சான்க்கா. நீ தேடினதுகூடப் பரவால்ல. எதுக்குக்கா எழுதி வெச்சே?"

அதோடு அந்த நம்பரும் போயிற்று. எட்டு மாதமாகிறது. கவுன் அக்காவின் மேசை டிராயரில் கிடக்கிறது. மனசு கேட்காமல் நேற்று நான்தான் சொன்னேன்.

"இன்னொரு தடவ தேடிப் பாரேன்க்கா."

"தேடினா கெடச்சுடுவாடி" என்றாள் அக்கா. "அதான் பயமா இருக்கு."