எங்கள் தெரு ஓட்டுப் போடாத நாள்

பொம்மைக்குக் கண் வைப்பது என் வேலை. மற்ற வண்ணங்களைப் பழகினால் யாரும் பூசிவிடலாம். கண் மட்டும் எல்லோருக்கும் வராது. பிரஷைக் கறுப்புப் பெயிண்ட்டில் தொட்டு, நுனியை இடது கை ஆட்காட்டி விரல் நகத்தில் ஓர் இழுப்பு இழுத்துக் கூராக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பிள்ளையார் முகத்தில் ஒரு புள்ளி வைப்பேன். அவர் உடனே என்னைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது பீங்கான் பொம்மைக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். எங்களை அடையாளம் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இடது கை ஆட்காட்டி விரலில் நகமும் அதைச் சுற்றிய இடமும் எப்போதும் கறுப்பாக இருக்கும்.

இந்த விரலால் எங்களுக்குத் தேர்தலுக்குத் தேர்தல் தொல்லை. ஓட்டுச் சாவடியில் மை வைப்பதும் அதே விரலில்தான், அதே இடத்தில்தான். உள்ளே போனதும் முதலில் விரலைக் காட்டச் சொல்வார்கள். எங்கள் விரலைப் பார்த்தால், ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டு இன்னொரு தடவை கைவரிசை காட்ட வந்தவள் மாதிரித் தெரியும். ஒருமுறை என்னை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். பொம்மை வேலை, கண் வேலை என்று நான் விளக்கி முடிப்பதற்குள் வரிசை மொத்தமும் சிரித்துவிட்டது. அதிலிருந்து ஓட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் பெயிண்ட் கரைக்கிற தின்னர் தொட்டு விரலைத் தேய்ப்பது எங்கள் தெருவில் வழக்கமாகிவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல, தேர்தலுக்கு விரல் தேய்ப்பது.

போன பாராளுமன்றத் தேர்தலில் மட்டும் அந்த வேலை இல்லை என்று முடிவானது. எங்கள் தெரு ஓட்டே போடப் போவதில்லை.

காரணம் சுரங்கப்பாதை. ரயில் பாதையைத் தாண்டி ஊருக்குள் போக முன்பு ஒரு கேட் இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தரைக்கு அடியில் வழி போட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்று நினைத்தோம். மழை பெய்யாவிட்டாலும் நின்றது. சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது எங்களுக்கு மட்டும் முழங்கால் தண்ணீர். ஊர் ஆபீஸில் கேட்டால், அது டெல்லி சர்க்கார் வேலை என்றார்கள். டெல்லி சர்க்காரை நாங்கள் எங்கே போய்க் கேட்பது? டிவியில்தான் பார்க்க முடிந்தது. அதில் பேசியவர்கள் எல்லாரும், நாட்டு மக்கள் மொத்தமும் தங்கள் பக்கம் என்றார்கள். ஆளுங்கட்சியும் அதையே சொன்னது, எதிர்க்கட்சியும் அதையே சொன்னது.

"எந்த மக்கள்டி அது? நம்ம கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கலியே" என்பாள் எதிர்வீட்டு அக்கா.

அக்காவும் நானும் ஒரே கம்பெனி. அவள் பொம்மைக்குச் சேலை கட்டுவாள். அதாவது சேலை வண்ணம் பூசுவாள். அவள் கட்டி முடித்ததும் பொம்மை என்னிடம் கண்ணுக்கு வரும். மத்தியானம் சாப்பாட்டில் அவள் குழம்பு எனக்கு, என் பொரியல் அவளுக்கு. பல வருஷமாக இப்படித்தான். அந்த அக்காதான் ஒருநாள் தசாவதார செட்டைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு சுரங்கப்பாதையில் இறங்கினாள். பாசி வழுக்கிக் கூடையோடு விழுந்தாள். அடி பெரிதாக இல்லை. அவதாரங்கள்தான் தூள் தூளாகிவிட்டன. மீனும் ஆமையும் மட்டும் உடையாமல் கிடந்தன.

"தண்ணியில பொழைக்கறது ரெண்டு மட்டும் பொழைச்சிக்கிச்சி பாரு" என்று நனைந்த சேலையோடு நின்று சிரித்தாள். மறுநாள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. தெருவைக் கூட்டிவிட்டாள். கூட்டம் முடியும்போது வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி கட்டுவது என்றும் ஓட்டுச் சாவடிப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை என்றும் தீர்மானம் ஆனது. எல்லாரும் கையைத் தூக்கினோம். நானும் தூக்கினேன்.

"எவளாவது மாத்திக் கீத்திப் போனீங்கன்னு தெரிஞ்சுது, அவ வூட்டு நல்லது கெட்டதுக்கு நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றாள் அக்கா, கடைசியாக.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். வைகாசியில் என் மகளுக்கு வளைகாப்பு. முதல் வளையல் அக்கா போடுவதாகப் பேச்சு. எலுமிச்சை சாதமும் புளிசாதமும் அவள் கைப்பக்குவம்தான் என்று சம்பந்தி வீட்டில் பெருமையடித்து வைத்திருந்தேன். அக்கா வராத வளைகாப்பை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதே சமயம், ஓட்டுப் போடாமல் இருக்கவும் என்னால் முடியாது. டிவியில் பேசுகிறவர்கள் மக்கள் தங்கள் பக்கம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும். நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் என்னையும் சேர்த்துத்தானே அந்த மக்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்? வாய் திறக்காதவள் சம்மதம் சொன்னவள் என்று ஆகிவிடும். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காஸ் விலையிலிருந்து சுரங்கப்பாதை வரைக்கும் சேர்த்து வைத்த கோபம். அதைக் கொண்டுபோய்ப் போட எனக்கு இருந்தது ஒரே ஒரு பட்டன்.

வீட்டுக்காரரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்; யாரோடும் வம்பு வேண்டாம் என்கிற சுபாவம்.

"சொல்லிட்டோம்ல? அப்பறம் போனா மானம் போயிடும். பேசாம படு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஓட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் கொல்லையில் துணி துவைக்கிற சாக்கில் உட்கார்ந்து விரலைத் தேய்த்தேன். தின்னர் வாசனை ஒளித்து வைக்க முடியாத வாசனை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், சீயக்காய் போட்டேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன். வாசலுக்கு வந்தால் தெரு முழுக்க அதே வாசனை. என் விரல்தான் இப்படி ஊரைக் கூட்டுகிறது என்று பயந்து, கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

மறுநாள் கம்பெனிகளுக்கு லீவு. காலையிலிருந்து தெருவில் கறுப்புக்கொடிகள் ஆடின. அக்கா தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதிகாரிகள் ஒரு ஜீப்பில் வந்து, முதலில் ஓட்டைப் போடுங்கள், தண்ணீரை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

"நீங்க மொதல்ல தண்ணிய பாருங்க சார், ஓட்ட அப்பறம் பாக்கலாம்" என்று அக்கா அனுப்பிவைத்தாள். தெருவே கைதட்டியது. நானும் தட்டினேன், தேய்த்த விரலை மடக்கிக்கொண்டு தட்டினேன்.

மத்தியானம் வெயில் கொளுத்தியது. அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. தூங்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரும் ஆட்டோவுக்குப் பஞ்சர் ஒட்ட வேண்டும் என்று அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார். நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். ஓட்டுச் சாவடி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதே சுரங்கப்பாதைத் தண்ணீரில் நடந்தேன். எந்தத் தண்ணீருக்காக ஓட்டுப் போட மாட்டோம் என்றோமோ, அந்தத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓட்டுப் போடப் போகிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

எதிரே முனைவீட்டு டெய்லர் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் திக்கென்று நின்றோம்.

"மருந்துக் கடைக்குப் போயிட்டு வரேம்மா" என்றார்.

"நானும் அங்கதாண்ணே போறேன்" என்றேன்.

மேலே எதுவும் கேட்காமல் இரண்டு பேரும் வேகமாகப் பிரிந்தோம்.

சாவடியில் கூட்டமில்லை. மை வைக்கிற டீச்சரம்மா என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு தேய்த்தாலும் நக ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு நிற்கும்.

"ஏம்மா, ஏற்கெனவே போட்டாச்சா?"

"இல்லீங்க டீச்சர். நான் பொம்மைக்குக் கண்ணு வெக்கறவ."

"காலையிலேர்ந்து எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்று அலுத்துக்கொண்டே மையை வைத்தார். வேறு தெருப் பொம்மைக்காரிகள் வந்து போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பட்டனை அழுத்தினேன். பீப் என்றது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விழுந்தது. சூளையின் ஓட்டை வழியே உள்ளே வேகிற பொம்மையைப் பார்த்தது போல இருந்தது. வேகிறது என்று தெரிகிறது. எப்படி வெளியே வரும் என்பது திறக்கும்போதுதான் தெரியும். என்றாலும் மனசு நிறைந்திருந்தது. யாருக்குப் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலுக்கு அடியில் இருந்த கறுப்புப் பெயிண்ட்டை எடுத்து, மையின் மேல் தாராளமாகப் பூசிக் காயவைத்தேன். அக்காவே வந்து பார்த்தாலும் பொம்மைக்காரி விரல். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

சாயங்காலம் ஓட்டு நேரம் முடிந்ததும் தெரு அக்கா வீட்டு வாசலில் கூடியது. போராட்டம் வெற்றி என்று டெய்லர் அண்ணன் பேச ஆரம்பித்தார். ஒற்றுமை என்றார், மானம் என்றார். ஆவேசம் வந்து இடது கையை உயர்த்தி, டெல்லிக்கு ஒரு விரல் காட்டினார்.

அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, துணி தெக்கிறவரு நீங்க. நீங்க எப்பலேர்ந்து பொம்மைக்குக் கண்ணு வெக்கறீங்க?"

அண்ணனின் விரல் அப்படியே காற்றில் நின்றது. கணு வரைக்கும் கறுப்பு மினுமினுப்பு, ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை. பக்கத்தில் திரும்பினால் என் வீட்டுக்காரர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். பிடித்து இழுத்தேன். அவர் விரலும் கறுப்பு! பஞ்சர் ஒட்டப் போனவர்.

"ஏங்க, மானம் போயிடும்னீங்க?"

"அதான் பெயிண்ட் பூசிக்கிட்டேன்" என்றார்.

அப்புறம் ஒவ்வொருத்தராகப் பார்க்கப் பார்க்க, பெண்களின் விரல் எல்லாம் பளபளவென்று புதுப் பெயிண்ட். கம்பெனி லீவு. சூளை பற்றவைக்கவே இல்லை. அந்த நாளில் பெயிண்ட் எங்கிருந்து வரும் என்று தெருவில் ஒருவருக்குமே தோன்றவில்லை. முந்தின சாயங்காலம் தெருவே நாறிய தின்னர் வாசனை யாருடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். என் மகளின் வளைகாப்பு கண் முன்னால் வந்து நின்றது. அக்கா முகம் சிவந்திருந்தது. அவளுடைய இடது கை ஆட்காட்டி விரலில் துணிக்கட்டு ஒன்று இருந்தது. காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டேன் என்று சொல்லியிருந்தாள். மெதுவாக அந்தக் கட்டை அவிழ்த்தாள். வெட்டுக் காயம் எதுவும் இல்லை. பெயிண்ட்டும் இல்லை. புத்தம் புதிதாக, பளிச்சென்று ஓட்டு மை.

"என்னடி பாக்கறீங்க?" என்றாள். "கோவம் வந்தா வூட்டுல சோறு திங்காம படுத்துக்கலாம். எழுந்து சாப்புடுன்னு கெஞ்சறதுக்கு ஆளு இருக்குது. டெல்லிக்காரங்க வந்து நம்மள எழுப்பிச் சோறு போடுவாங்களா? மத்தியானம் யோசிச்சிப் பாத்தேன், மனசு கேக்கல, போயிட்டேன்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரிப்பு ஓய வெகுநேரம் ஆயிற்று. டெய்லர் அண்ணன் விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு தின்னர் டப்பா ஒன்று வெளியே வந்தது. இந்தத் தடவை கொல்லையில் இல்லை, நடுத்தெருவில், ஒருத்தர் விரலை இன்னொருத்தர் பிடித்துத் தேய்த்துவிட்டோம். பெயிண்ட் போனது. மை அசையவே இல்லை.

மறுநாள் காலை அந்த விரல்களோடு தெருவே திரண்டு தண்ணீர் விஷயமாக ஊர் ஆபீஸுக்குப் போனது. ஓட்டுப் போடாதவர்களுக்கு என்ன பேச்சு என்று அங்கே ஒருவர் ஆரம்பித்தார். அக்கா விரலை அவர் மேஜை மேல் வைத்தாள். "போட்டுட்டுத்தாங்க வந்திருக்கறோம். இப்ப நாங்க கேக்கலாமில்ல?" பின்னால் நாங்களும் விரலைத் தூக்கினோம். அவர் உட்காரச் சொன்னார்.

வைகாசிக்குள் தண்ணீர் இறைக்க மோட்டார் வந்துவிட்டது. கரண்டு கனெக்ஷன் இன்னும் வரவில்லை. சம்பந்தி வீட்டார் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டெல்லியையும் எங்களையும் சேர்த்துத் திட்டிக்கொண்டுதான் வளைகாப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

அக்கா விடியற்காலையிலேயே வந்து புளிசாதம் கிளறினாள். வளையல் தட்டை எடுக்கும்போது என் காதோரம் குனிந்து, "டெல்லிக்குக்கூட நான் பயப்படலடி. நீ பாத்துட்டா என் மூஞ்சில முழிக்க மாட்டியேன்னுதான் அன்னிக்கு முக்காடு போட்டுக்கிட்டு ஓடுனேன்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நானும் ஒங்களுக்குப் பயந்துதாங்க்கா" என்றேன்.

அக்கா என் மகளின் கையைப் பிடித்து முதல் வளையலைப் போட்டாள். அவள் விரலில் அந்த மை இன்னும் பாதி நகத்தில் இருந்தது.